எக்செல் கணக்கு எல்லார் போனிலும் திறக்க வேண்டும்: எந்த வழியில் போடலாம்?

எங்கள் ஊர்க் குளம் தூர்வாரிய கணக்கு ஓர் எக்செல் பைலில் இருந்தது. வரவு ஒரு ஷீட், செலவு ஒரு ஷீட், நன்கொடை தந்தவர்கள் பட்டியல் ஒரு ஷீட். ஜேசிபி வாடகை, டீசல், கரைக்கு மண் அடித்தது, ஆட்கூலி என்று 400 வரிசைக்கு மேல் இருக்கும். பணம் தந்தவர்களில் பாதிப் பேர் ஊரில் இல்லை. திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். கணக்கை எல்லாரும் பார்க்கிற மாதிரி நெட்டில் போட்டுவிடலாம் என்று கூட்டத்தில் முடிவானது. அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது.

எக்செலில் ‘சேவ் ஆஸ்’ போனால் ‘வெப் பேஜ்’ என்று ஒரு வகை இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து, வந்த பைலை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். என் லேப்டாப்பில் பார்த்தபோது கணக்கு தெரிந்தது. அரை மணி நேரத்தில் பதில் வர ஆரம்பித்தது. “வெள்ளையா இருக்கு தம்பி, ஒண்ணும் தெரியலை” என்று சிங்கப்பூர்ச் சித்தப்பா எழுதினார். திருப்பூரிலிருந்து ஒருவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் இரண்டு காலிப் பெட்டிகள் மட்டும் இருந்தன.

அதற்கப்புறம் ஏழெட்டு வழிகளை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தேன். சங்கக் கணக்கோ, பள்ளி மதிப்பெண் பட்டியலோ, பஸ் நேர அட்டவணையோ, எக்செலில் இருப்பதை வலைப்பக்கமாக்க நினைக்கிற யாருக்கும் இதே கேள்வி வரும். எந்த வழி எந்த பிரவுசரில் எங்கே உடைகிறது, எதை எப்போது எடுக்கலாம் என்பதை என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

எக்செல் தானே செய்து தரும் பக்கம்

முதலில் அந்த வெள்ளைப் பக்கத்தைப் பார்ப்போம். மூன்று ஷீட் உள்ள பைலை வலைப்பக்கமாகச் சேமித்தால் எக்செல் ஒரு பைலை மட்டும் உருவாக்குவதில்லை. ஒரு முதன்மைப் பைல், அதன் பக்கத்திலேயே அதே பெயரில் ஒரு ஃபோல்டர். கணக்கு முழுக்க அந்த ஃபோல்டருக்குள் ஷீட்டுக்கு ஒரு பைலாக இருக்கிறது. முதன்மைப் பைலில் இருப்பது வெறும் சட்டகம்தான்: மேலே ஷீட்டைக் காட்ட ஒரு பெட்டி, கீழே ஷீட் பெயர்களைக் காட்ட ஒரு பெட்டி. ஃபோல்டரை விட்டுவிட்டு முதன்மைப் பைலை மட்டும் அனுப்பினால், பார்ப்பவருக்கு அந்த இரண்டு காலிப் பெட்டிகள்தான் கிடைக்கும். குழுவில் நான் செய்த தவறு அதுதான்.

சரி, ஃபோல்டரோடு சேர்த்து அனுப்பினால் போதுமா? போதாது. இந்தச் சட்டகத்துக்குப் பெயர் ஃபிரேம்செட். 1990-களில் வழக்கத்தில் இருந்த முறை, வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் ஐந்தாம் பதிப்பு (எச்டிஎம்எல்5) இதைக் கைவிட்டுவிட்டது. இன்றைய பிரவுசர்கள் பழைய பக்கங்களுக்காக இன்னும் காட்டுகின்றன, அவ்வளவுதான். ஆனால் கணினியில் இறக்கிவைத்த பைலாகத் திறக்கும்போது, குரோம் ஒவ்வொரு பைலையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தனித் தளமாக நினைக்கிறது. ஒரு பெட்டியில் உள்ள ஸ்கிரிப்ட் (பக்கத்துக்குள் ஓடும் சிறு நிரல்) அடுத்த பெட்டியைத் தொட அனுமதிப்பதில்லை. பயர்பாக்ஸும் 2019-இல் வந்த 68-ஆம் பதிப்பிலிருந்து இதே கண்டிப்புக்கு வந்துவிட்டது. பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம் அது, சரியான மாற்றமும்கூட. எக்செலின் ஸ்கிரிப்டோ ஷீட்டும் அதன் பெயர்ப் பட்டையும் ஒன்றோடொன்று பேசும் என்று நம்பி எழுதப்பட்டது.

அந்த ஸ்கிரிப்டை நோட்பேடில் திறந்து படித்தேன். அது முதலில் கேட்கிற கேள்வி, ‘நீ இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரா, எத்தனையாவது பதிப்பு?’ என்பதுதான். பிரவுசர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வரியில் ‘எம்எஸ்ஐஇ’ என்ற நான்கு எழுத்து இருக்கிறதா என்று தேடுகிறது. இருந்தால் எக்செலைப் போலவே அழகான டேப்கள் வரும். இல்லாவிட்டால் சாதாரண லிங்க் பட்டை வரும், எந்த ஷீட்டில் நிற்கிறோம் என்றுகூடக் காட்டாது. 2013-இல் வந்த எக்ஸ்ப்ளோரர் 11 அந்த நான்கு எழுத்தைத் தன் அறிமுக வரியிலிருந்து எடுத்துவிட்டது. அதனால் எந்த பிரவுசருக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டதோ, அதன் கடைசிப் பதிப்புக்கே அது அடையாளம் தெரியாமல் போனது. அந்த எக்ஸ்ப்ளோரர் 11-க்கும் 2022 ஜூன் 15-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது.

ஃபோல்டரோடு சர்வரில் ஏற்றினால் ஒரே தளம் என்பதால் பெட்டிகள் பேசிக்கொள்ளும். அங்கேயும் போனில் சிக்கல் வருகிறது. ‘இது போன் திரை, அதற்கேற்ற அகலத்தில் காட்டு’ என்று பிரவுசருக்குச் சொல்லும் வரி எக்செல் பக்கத்தில் இல்லை. அது இல்லாவிட்டால் போன் 980 பிக்சல் அகலத்தில் பக்கத்தை வரைந்து, பிறகு திரைக்குள் சுருக்கும். ஷீட் பெயர்ப் பட்டைக்கு எக்செல் ஒதுக்குவது 39 பிக்சல் உயரம். 360 பிக்சல் அகலமுள்ள ஆண்ட்ராய்டு போனில் அது சுருங்கி 14 பிக்சல் ஆகிவிடுகிறது. நெல்மணி அளவுக்கு ஓர் எழுத்தைப் பெருவிரலால் தொட்டு ஷீட் மாற்ற வேண்டும். எங்கள் ஊரில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள்தான் கணக்கை வரி வரியாகப் படிப்பவர்கள். அவர்களால் இதைச் செய்ய முடியாது.

இன்னும் இரண்டு விஷயம் உண்டு, இரண்டும் சின்னதாகத் தோன்றினாலும் சின்னதல்ல. எக்செல் ஒவ்வொரு நெடுவரிசையின் அகலத்தையும் அப்படியே பூட்டி எழுதுகிறது, எழுத்து மடங்கக் கூடாது என்றும் சொல்கிறது. அந்த அகலம் உங்கள் கணினியில் இருக்கும் காலிப்ரி எழுத்துருவுக்குக் கணக்கிட்டது. ஆண்ட்ராய்டு போனில் காலிப்ரி கிடையாது. அதற்குப் பதிலாக வருகிற எழுத்து கொஞ்சம் அகலம் அதிகம் என்பதால், ஒரு கட்டத்தின் எழுத்து பக்கத்துக் கட்டத்தின் மேல் ஏறி உட்காருகிறது. அதோடு, எக்செலில் நெடுவரிசை குறுகலாக இருந்து தேதியோ தொகையோ ##### என்று தெரிந்தால், வலைப்பக்கத்திலும் அந்த ##### தான் எழுத்தாகப் பதியும். போனில் எவ்வளவு பெரிதாக்கினாலும் தொகை வராது.

இரண்டாவது, மறைத்துவைத்த நெடுவரிசை. நன்கொடைப் பட்டியலில் போன் நம்பர்களை நான் ‘ஹைட்’ செய்து வைத்திருந்தேன். வலைப்பக்கத்தின் மூலத்தைத் திறந்தால் அத்தனை நம்பரும் அங்கே இருந்தன. பிரவுசரிடம் ‘காட்டாதே’ என்று மட்டும்தான் எக்செல் சொல்லியிருந்தது. பைலை உருவாக்கியவர் பெயரும் கூடவே போகிறது. பொதுவில் போடுவதற்கென்று தனியாக ஒரு பைல் வைத்து, அதில் தேவையானதை மட்டும் ஒட்டுங்கள். இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

ஒரே ஷீட், அதுவும் சிறியது, பார்ப்பவர்கள் எல்லாரும் கணினியில் பார்ப்பவர்கள் என்றால் இந்த வழி போதும். ‘முழு பைல்’ என்பதை விட்டு ‘இந்த ஷீட் மட்டும்’ என்று தேர்ந்தெடுத்தால் ஃபிரேம்செட் தொல்லையிலிருந்து தப்பிக்கலாம். மற்றபடி இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இதே இடத்தில் இருக்கும் ‘சிங்கிள் ஃபைல் வெப் பேஜ்’ எல்லாவற்றையும் ஒரே பைலில் அடக்குகிறது, ஃபோல்டர் தொலையாது. ஆனால் பயர்பாக்ஸ் அந்த வகைப் பைலைத் தானாகத் திறப்பதில்லை. கைவசம் வைத்துக்கொள்ளலாம், ஊருக்கு அனுப்ப ஆகாது.

பழைய அலுவலகப் பக்கங்கள்

இதைச் சில அலுவலகங்களுக்காகச் சொல்கிறேன். எக்செல் 2000-இல் வலைப்பக்கமாகச் சேமிக்கும்போது ‘இன்டராக்டிவ்’ ஆக்கும் வசதி இருந்தது. பார்ப்பவர் பிரவுசரிலேயே எண்ணை மாற்றலாம், கூட்டுத்தொகை மாறும். அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம்தான். ஆனால் அது ‘ஆபீஸ் வெப் காம்போனன்ட்ஸ்’ என்ற ஆக்டிவ்எக்ஸ் கருவியை நம்பி இருந்தது. எக்ஸ்ப்ளோரர் தவிர வேறெதிலும் ஓடாது, அந்தக் கருவியும் கணினியில் இருந்தாக வேண்டும். ஆபீஸ் 2007-இல் மைக்ரோசாஃப்ட் அந்த வசதியை எடுத்துவிட்டது. 2009-இல் அந்தக் கருவியின் ஓட்டை வழியாகத் தாக்குதல்கள் நடந்து, ஆகஸ்டில் பாதுகாப்புத் திருத்தம் வெளியிட வேண்டி வந்தது.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் சம்பள விவரக் கணக்கீட்டுப் பக்கம் ஒன்று இப்படித்தான் இருந்தது. குரோமில் திறந்தால் கணக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. எட்ஜ் பிரவுசரில் பழைய எக்ஸ்ப்ளோரர் பக்கங்களைத் திறக்கும் ‘ஐஇ மோட்’ இருக்கிறது, குறைந்தது 2029 வரை இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அதை வைத்து இப்பக்கங்களை இழுத்துக்கொண்டு போகலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். வேண்டாம். அந்த நேரத்தில் பைலைத் திறந்து, உள்ளே இருக்கிற கணக்கை வெளியே எடுத்துவிடுங்கள். எடுக்கத் தெரிந்தவர் ஓய்வு பெறுவதற்குள் அதைச் செய்வது நல்லது.

தமிழ் எழுத்து எங்கே கெடுகிறது

எந்த வழியில் போட்டாலும் இந்தப் பிரச்சினை முன்னால் வந்து நிற்கும் என்பதால் இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் எக்செல் பைலில் இருப்பது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டில் உள்ள தமிழா, பாமினி போன்ற பழைய எழுத்துருவா என்று பாருங்கள். பாமினியில் அடித்த கட்டத்தை கிளிக் செய்து எழுத்துருவை ஏரியலாக மாற்றினால் ஆங்கில எழுத்துகள் தெரியும். பைலுக்குள் இருப்பது அந்த ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அதற்குத் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறது. வலைப்பக்கமாகப் போட்டால், அந்த எழுத்துரு இல்லாத எல்லார் போனிலும் குப்பையாகத்தான் தெரியும். தமிழ்நாடு அரசு 1999-இல் டாம், டாப் என்ற குறியீடுகளைத் தரமாக்கியது. 2010-இல் யூனிகோடையும் டேஸ்16 என்ற குறியீட்டையும் தரமாக அறிவித்தது. அதற்கு முந்தைய பைல்கள் சங்கங்களிலும் நூலகங்களிலும் இன்னும் நிறைய இருக்கின்றன. முதல் வேலை அவற்றை யூனிகோடுக்கு மாற்றுவது. மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். நன்கொடை தந்தவரின் பெயர் தப்பாக வந்தால் அவருக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

யூனிகோடாக இருந்தாலும் அகலம் இடிக்கும். எங்கள் பைலில் லதா எழுத்துரு இருந்தது. விண்டோஸ் 2000 காலத்திலிருந்து கூடவே வந்த எழுத்துரு அது. போனில் லதா இல்லை, வேறொரு தமிழ் எழுத்துரு வந்து உட்காரும். பூட்டிய அகலத்துக்குள் ‘ஒப்பந்தக்காரருக்கு’ மாதிரிச் சொற்கள் அடங்காது.

சிஎஸ்வி பைலாக (அலங்காரம் இல்லாமல், கட்டங்களைக் கமாவால் பிரித்த வெறும் எழுத்துப் பைல்) எடுக்கும்போது ‘யுடிஎஃப்-8’ என்று எழுதியிருக்கும் சிஎஸ்வி வகையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஎஸ்வியில் தமிழ் முழுக்கக் கேள்விக்குறிகளாகப் போய்விடும். அப்படிப் போனது திரும்பி வராது.

கூகுள் ஷீட்ஸ் வழி

பைலை கூகுள் ஷீட்ஸில் ஏற்றி, ‘பப்ளிஷ் டு வெப்’ கொடுத்தால் ஒரு லிங்க் கிடைக்கும். முழு பைலையும் வெளியிடலாம், ஒரு ஷீட்டை மட்டும் வெளியிடலாம். பார்ப்பவர் லாகின் செய்ய வேண்டியதில்லை. நீங்கள் ஷீட்டில் திருத்தினால் சில நிமிடங்களில் பக்கத்திலும் மாறும். குரோம், சஃபாரி, பயர்பாக்ஸ், எட்ஜ், சாம்சங் போனில் வரும் பிரவுசர், எதில் திறந்தாலும் எனக்குக் கணக்கு தெரிந்தது. பிரவுசருக்குப் பிரவுசர் மாறும் தொல்லையை மட்டும் பார்த்தால் இதுதான் மிகக் குறைந்த உழைப்பில் கிடைக்கும் நல்ல வழி. தினமும் எண் மாறுகிற கணக்குக்கு வேறு எதையும் தேட வேண்டாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. போனில் பக்கம் திரைக்கேற்ப மடங்காது, இடமும் வலமும் இழுத்துத்தான் படிக்க வேண்டும். அதை உங்கள் தளத்துக்குள் ஐஃப்ரேமாக, அதாவது பக்கத்துக்குள் இன்னொரு பக்கமாக, வைத்தால் சுருளுக்குள் சுருள் ஆகிவிடும். விரலை எங்கே வைத்து இழுத்தால் பக்கம் நகரும், எங்கே வைத்தால் பட்டியல் நகரும் என்பது பெரியவர்களுக்குப் பிடிபடுவதில்லை. அதனால் நான் ஐஃப்ரேமாக வைக்காமல் லிங்க்காக மட்டும் கொடுக்கிறேன். பள்ளி, அலுவலகக் கணக்கிலிருந்து வெளியிட நினைத்தால் நிர்வாகி அந்த வசதியை அடைத்து வைத்திருக்கலாம். பொருளாளர் மாறும்போது அவருடைய சொந்த கூகுள் கணக்கோடு ஷீட்டும் போய்விடும் ஆபத்து உண்டு. சங்கத்துக்கென்று ஒரு கணக்கு தொடங்கி அதில் வையுங்கள்.

மைக்ரோசாஃப்டிலும் இதற்கு இணையான வழி உண்டு. ஒன்டிரைவில் பைலை வைத்து, வலைக்கான எக்செலில் ‘எம்பெட்’ கொடுக்கலாம். பார்ப்பவர் வரிசைப்படுத்தலாம், சேமிக்காமல் எண்ணை மாற்றிப் பார்க்கலாம். வட்டிக் கணக்கு மாதிரி, படிப்பவர் தன் எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டிய ஷீட்டுக்கு இது அருமையான வழி. சாதாரணப் பட்டியலுக்கு அவ்வளவு கனம் தேவையில்லை. டவர் சரியாகக் கிடைக்காத இடத்தில் திறக்க நேரமாகிறது.

எக்செலுக்கு மாற்றான இலவச லிபர்ஆபீஸ் கால்க் வைத்திருப்பவர்கள் அதிலிருந்தே எச்டிஎம்எல் எடுக்கலாம். அது எல்லா ஷீட்டையும் ஒரே நீளப் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, மேலே ஷீட் பெயர்களுக்கு லிங்க் போடுகிறது. ஃபிரேம்செட் இல்லாததால் எந்த பிரவுசரிலும் திறக்கும். எழுதும் முறை பழையது, பார்க்க அழகாக இருக்காது, ஆனால் உடையாது. அவசரத்துக்கு எக்செலின் பக்கத்தைவிட இதையே எடுப்பேன்.

பிடிஎஃப் பற்றியும் கேட்பார்கள். அச்சடித்துக் கோப்பில் வைக்க நல்லது. போனில் படிக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் பெரிதாக்கி, நகர்த்தி, மறுபடி சுருக்க வேண்டும். தமிழ் பிடிஎஃப்பில் தேடல் பல நேரம் வேலை செய்யாது, காப்பி செய்தால் கொம்பும் துணைக்காலும் இடம் மாறி விழும். 300 பேர் பட்டியலில் தன் பெயரைத் தேடிக் காண முடியாவிட்டால், அவர் வரியைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் வேலை உங்களுக்கு வரும்.

சுத்தமான அட்டவணையை நாமே எழுதுவது

இதற்குத்தான் அதிக நேரம் செலவழித்தேன், பலனும் இதில்தான் அதிகம். வழி எளிது. ஷீட்டிலிருந்து சிஎஸ்வி எடுத்து, எக்செலின் அலங்காரம் ஒன்றும் இல்லாத எச்டிஎம்எல் அட்டவணையாக மாற்றுவது. வேர்ட்பிரஸ் தளம் இருந்தால் டேபிள்பிரஸ் என்ற பிளக்இன் இதைச் செய்து தரும். இல்லாவிட்டால் பத்து வரி சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) போதும். 1990-களிலிருந்து எல்லா பிரவுசருக்கும் அட்டவணை தெரியும். உடைவது எல்லாம் நாம் அதன்மேல் சேர்க்கிற இரண்டு மூன்று வசதிகளில்தான்.

முதல் வசதி, தலைப்பு வரிசை நகராமல் நிற்பது. ‘ஸ்டிக்கி’ என்ற சிஎஸ்எஸ் மதிப்பு இதைச் செய்யும். துபாயில் இருக்கும் மச்சான் இன்னும் ஐஃபோன் 6 வைத்திருக்கிறார். அதில் ஐஓஎஸ் 12-க்கு மேல் ஏறாது. அந்த சஃபாரிக்கு ‘வெப்கிட்’ என்ற முன்னொட்டோடு இன்னொரு முறையும் எழுத வேண்டும், முன்னொட்டு இல்லாத வடிவம் 13-இலிருந்துதான் புரியும். “குரோம் போட்டுப் பாருங்க மச்சான்” என்று சொல்லிப் பயனில்லை. அந்த ஐஃபோனில் எந்த பிரவுசரைப் போட்டாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் அதே எஞ்சின்தான்.

இன்னொரு விசித்திரம் பாருங்கள். கட்டங்களின் கோடுகள் ஒன்றாகச் சேரும்படி ‘கொலாப்ஸ்’ வைத்திருந்தால், பக்கத்தை நகர்த்தும்போது தலைப்பின் எழுத்து நிற்கும், கோடு மட்டும் நழுவி மேலே போய்விடும். கோடுகளைத் தனித்தனியாக வைத்து, இடைவெளியைச் சுழியமாக்கினால் சரியாகிவிடும். அதோடு முடியவில்லை. அகலமான அட்டவணை போனில் பக்கவாட்டில் நகரட்டும் என்று அதைச் சுற்றி ஒரு சுருள் பெட்டி போடுவோம். போட்டவுடன் தலைப்பு நிற்பது போய்விடும். ஏனென்றால் ஸ்டிக்கி, தனக்கு மிக நெருக்கமான சுருள் பெட்டியைத்தான் பார்க்கும், பக்கத்தைப் பார்க்காது. இரண்டு மாலை இதோடு போராடிவிட்டு ஒரு முடிவுக்கு வந்தேன். தலைப்பை விட்டுவிட்டு முதல் நெடுவரிசையை நிறுத்துவது. தொகை எந்தப் பெயருக்கு உரியது என்று தெரிந்தால் போதும். ‘தொகை’ என்ற தலைப்பு கண்ணில் இல்லாவிட்டாலும் 5,000 என்பது தொகைதான் என்று எல்லாருக்கும் புரியும்.

இரண்டாவது, நீளமான தமிழ்ச் சொல். கட்டம் குறுகும்போது சொல்லை எங்கே வேண்டுமானாலும் உடைக்கலாம் என்று பிரவுசருக்கு அனுமதி கொடுக்க இரண்டு வழி உண்டு. ‘எனிவேர்’ என்ற மதிப்பைக் கொடுத்தால், அட்டவணை அந்த நெடுவரிசையை ஓர் எழுத்து அகலத்துக்குக்கூடச் சுருக்கலாம் என்று எடுத்துக்கொள்கிறது. ‘சுப்பிரமணியம்’ என்ற பெயர் வரிக்கு ஓர் எழுத்தாகச் செங்குத்தாக இறங்கியதை என் திரையில் பார்த்தேன். ‘பிரேக்-வேர்ட்’ கொடுத்தால் அப்படி ஆகாது. அதோடு பெயர் நெடுவரிசைக்கு ஒரு குறைந்தபட்ச அகலமும், தொகைக்கு மடங்காமல் வலப்பக்கம் ஒட்டி நிற்கச் சொல்வதும் போதும். மேலே சொன்ன திரை அகல வரியையும், யுடிஎஃப்-8 என்ற வரியையும் தலையில் எழுத மறக்காதீர்கள்.

இந்த வழியில் குறை ஒன்றுதான், ஆனால் உண்மையான குறை. ஒவ்வொரு முறை எண் மாறும்போதும் திரும்பப் பக்கம் தயாரிக்க வேண்டும். மாதம் ஒருமுறை என்றால் செய்யலாம். தினமும் என்றால் நாலாவது நாள் விட்டுப்போகும்.

சிஎஸ்வியை ஸ்கிரிப்ட் படிப்பது

பக்கம் திறக்கும்போதே ஒரு ஸ்கிரிப்ட் சிஎஸ்வியையோ எக்செல் பைலையோ படித்து அட்டவணையாக வரையும் வழியும் இருக்கிறது. ஷீட்ஜேஎஸ், டேட்டாடேபிள்ஸ் போன்றவை இதற்காகவே இருக்கின்றன. தேடல் பெட்டி, தலைப்பைத் தொட்டால் வரிசைப்படுத்துவது எல்லாம் கிடைக்கும். ஆயிரக்கணக்கான வரிசை இருந்தால் இதை நினைக்கலாம்.

ஆனால் எண்ணும் தேதியும் தமிழும் இங்கே பிரவுசரின் கையில் போய்விடுகின்றன. எந்த நாட்டு முறை என்று சொல்லாமல் எண்ணைக் காட்டச் சொன்னால், இந்திய முறையில் வைத்திருப்பவருக்கு 1,25,000 என்றும் சிங்கப்பூரில் 125,000 என்றும் தெரியும். 03/04/2024 என்பதை நாம் ஏப்ரல் 3 என்று எழுதுவோம், ஸ்கிரிப்ட் அதை மார்ச் 4 என்று படிக்கும். தேதியை 2024-04-03 என்று வருடம் முதலில் வரும்படி எழுதினால் குழப்பம் தீரும்.

தமிழ்ப் பெயர் வரிசை இன்னொரு சங்கடம். சாதாரணமாக வரிசைப்படுத்தினால் யூனிகோட் எண் வரிசையில் அடுக்கும். அதில் ற, ல-வுக்கு முன்னால் வருகிறது. மறைமலை முதலில், மலர்விழி அப்புறம் என்று வரும். அகராதி வரிசை அதற்கு நேர்மாறு. பிரவுசருக்குள்ளேயே தமிழ் அகராதி வரிசை இருக்கிறது, ‘தமிழ் முறைப்படி ஒப்பிடு’ என்று ஸ்கிரிப்டில் சொன்னால் போதும். சொல்லாவிட்டால் செய்யாது. பலரும் சொல்வதில்லை, பட்டியலில் பெயரைத் தேடுபவர்கள் இடம் மாறித் தேடுகிறார்கள்.

நாங்கள் எடுத்த முடிவு

எங்கள் கணக்கை இரண்டாகப் பிரித்தேன். நடப்பு மாதச் செலவு கூகுள் ஷீட்ஸில், வெளியிட்ட லிங்க்காக. அதில் போன் நம்பர் நெடுவரிசையே கிடையாது. நன்கொடைப் பட்டியலும் முடிந்த மாதங்களும் சுத்தமான எச்டிஎம்எல் அட்டவணையாக, மாதத்துக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் எக்செல் பைலையே இறக்கிக்கொள்ள ஒரு லிங்க். கூட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் கூட்டிப் பார்க்கட்டும்.

பக்கத்தை வெளியிடுமுன் நான்கு இடத்தில் திறந்து பார்க்கிறேன்: என் ஆண்ட்ராய்டு போன், அக்காவின் ஐஃபோன், சங்க அலுவலகத்தில் இருக்கும் விண்டோஸ் 7 கணினி, லேப்டாப்பில் பயர்பாக்ஸ். அந்த விண்டோஸ் 7-இல் குரோம் 109-க்கு மேல் ஏறாது, 2023 ஜனவரியோடு அங்கே நின்றுவிட்டது. செயலாளர் அதில்தான் பார்ப்பார் என்பதால் அதில் சரியாக வந்தால்தான் லிங்க்கைக் குழுவில் போடுவேன்.

மூன்றாவது மாதம் சிங்கப்பூர்ச் சித்தப்பாவிடமிருந்து மெசேஜ் வந்தது. “பதினேழாம் தேதி டீசல் 4,200 ரெண்டு தடவை ஏறியிருக்கு பாரு தம்பி.” பார்த்தேன். ஒரே பில் இரண்டு முறை பதிவாகியிருந்தது. ஒரு வரியை நீக்கினேன், கூட்டுத்தொகை மாறியது, டீ குடித்துவிட்டு வந்து பார்ப்பதற்குள் பக்கத்திலும் மாறியிருந்தது. குழுவில் அவர் ஒரு கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார்.